வடித்த மதுவும் வண்டல் மதுவும்: விருந்தில் சிறந்த பங்கு எது?

பண்டைய விருந்துகளில் யாருக்கு எந்த மது வழங்கப்பட்டது என்னும் செய்தியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சமூகத் தகுதி வேறுபாட்டின் சான்றாகவே கையாள்கின்றனர். இதற்கு வழக்கமாகக் காட்டப்பெறுவது இளைய பிளினியின் கடிதம் ஒன்று (2:6). அவர் உண்ணச் சென்ற ஒரு வீட்டில் மூவகை மது சிறு குடுவைகளில் வைக்கப்பட்டிருந்தது. முதல்வகை வீட்டுத் தலைவருக்கும் பிளினிக்கும் உரியது. அடுத்தது எளிய நண்பர்களுக்கு. மூன்றாவது, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்கு. தம் வீட்டில் அனைவருக்கும் ஒரே மதுவே என்று பிளினி அருகிலிருந்தவரிடம் கூறினார். செலவு மிகாதா என்று அவர் வினவியபோது, நான் குடிப்பதை அவர்கள் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதையே நான் குடிக்கிறேன் என விடையிறுத்தார்.

நல்ல மது எது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது என்னும் எண்ணத்தின் மேல்தான் இச்சான்று நிற்கிறது. அக்கருத்தொற்றுமை எப்போதும் இருந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

புளூட்டார்க் ஒன்பது பகுதிகளாக எழுதிய ‘விருந்துரையாடல்கள்’ நூலின் ஆறாம் பகுதியில், ஏழாம் வினா மதுவை வடிகட்டுவது பற்றியது. அரிஸ்டியோன் என்பவர் விருந்தளிக்கிறார். பெயர் பெற்ற மெய்யியலாளர் ஒருவரிடம் சிறிது காலம் பயின்று திரும்பிய நைகர் உடன் உண்கிறார். ஆசிரியரின் சிறப்பைக் கற்க அக்காலம் போதவில்லை. பிறரைக் குறைகூறும் பழக்கத்தைக் கற்க மட்டும் போதுமானதாயிற்று என்று புளூட்டார்க் நகையுடன் எழுதுகிறார். சாடியில் தன்னோடு உடன்வளர்ந்த வலிமை கெடாமல் மது மேசைக்கு வரவேண்டும் என்பது நைகரின் வாதம். பலமுறை வடித்தால் அதன் நரம்புகள் அறுபடும், வெம்மை அவியும், மணம் பறந்துபோகும். வண்டலே மதுவின் வேர் என்பதற்கு அவர் மொழியையும் சான்றாக்குகிறார்: பழைய கிரேக்கர் மதுவையே வண்டலைக் குறிக்கும் சொல்லால் அழைத்தனராம். அரிஸ்டியோன் சிரித்துக்கொண்டே மறுக்கிறார். வடித்த மது வெளிறியதன்று, இனிமையும் சாந்தமும் உடையது. வடித்தல் அதைத் தூய்மை செய்தலே என்பது அவர் நிலை.

இவ்வுரையாடலை எளிமைக்கும் ஆடம்பரத்துக்குமான அறப்போராக மட்டும் படிப்பது எளிது. நைகரின் பேச்சிலும் அந்தத் தொனி உண்டு. மூத்த பிளினியும் தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் மிகுதியாகக் குடிப்பதற்காகவே மதுவின் வலிமையை வடிபையால் முறிக்கிறோம் என்று கடிகிறார். வடித்தலைக் காயடித்தலோடு ஒப்பிடுகிறார். ஆனால் ஹோரேஸின் அங்கத நூல் (2:4) அறம் பேசாத வேறொரு குரலைக் காட்டுகிறது. அங்குப் பேசும் காட்டியஸ் துறவியல்லர், நாவின் சுவையையே கலையாகப் போற்றுபவர். மாசிக்க மதுவைத் தெளிந்த வானின் கீழ் வைத்தால் இரவுக் காற்று அதன் கரடுமுரட்டைத் தணிக்கும். நார்த்துணியில் வடித்தாலோ முழுச்சுவையும் கெடும் என்கிறார் அவர். அடுத்த அடிகளில், சொரெண்டோ மதுவில் பலேர்னிய வண்டலைக் கலந்து, புறா முட்டையால் கசடைத் திரட்டும் முறையையும் கூறுகிறார். மஞ்சட்கரு கீழே அமிழும்போது அயல் கசடையும் இழுத்துச் செல்லும். நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்த நமக்கு இம்முறை விளங்காததன்று. காட்டியஸ் தெளிவை வெறுக்கவில்லை, துணியையே வெறுக்கிறார். ஆகவே இது சுவை பற்றிய, செய்முறை பற்றிய உண்மையான கருத்து வேறுபாடு. எதுவும் கலவாமல் நீடித்து நிற்கும் மதுவே தலைசிறந்தது என்று தீர்ப்பளித்த கொலுமெல்லா, அதே நூலில் காய்ச்சிய சாறும் கடல்நீரும் சேர்க்கும் முறைகளை விரிவாகத் தருவதையும் இங்கு நினைக்கலாம்.

இவ்விவாதம் தமிழ்ச் சான்றொன்றைப் படிக்க உதவுகிறது. தேறல் என்பது தெளிந்தது எனப் பொருள்படும் சொல்; அதன் மறுதலை கலங்கல். புறநானூற்றின் 298ஆம் பாடலில் ஒரு வீரன் தன் வேந்தனைப் பற்றிப் பேசுகிறான். முன்பெல்லாம் எமக்குக் கலங்கலைத் தந்து தான் தேறல் உண்டவன், இன்று பகைவர் கோட்டையை வளைத்த நேரத்தில், நீ முந்து என்று எம்மை ஏவாத கொடியவனாயினான் என்பது கருத்து. இளைய பிளினியின் அளவுகோலால் அளந்தால் இவ்வேந்தன் முன்பும் நல்லவனல்லன்: வீரனுக்குக் கசடு, தனக்குத் தெளிவு. ஆனால் பாடலின் தருக்கம் அவ்வாறு அமையவில்லை. பழைய அன்பு மறைந்ததே வீரனின் குறை. எனவே கலங்கல் பெற்றமை இழிவாக அன்றிச் சிறப்பாகவே எண்ணப்பட்டிருத்தல் வேண்டும். வெறியூட்டும் வலிய கள்ளே போர்வீரனுக்கு உகந்த பங்கு. நைகர் இதை உடனே ஒப்புக்கொண்டிருப்பார்.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே கடன்கோடல் இருந்தது என்பது எம் கருத்தன்று. தொடர்பு வணிக அளவிலானது. பெரிபுளூசு முசிறிக்குச் சென்ற பொருள்களில் மதுவையும் சேர்க்கிறது, அளவு அதிகமில்லை என்ற குறிப்போடு. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நன்மாறனை நக்கீரர் பாடிய 56ஆம் புறப்பாட்டிலோ, யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தி ஊட்டுகின்றனர். அந்த அயல்மதுவையும் புலவர் தேறல் என்றே அழைக்கிறார். மன்னனுக்கு உரியதாகத் தெளிந்ததையே வைக்கும் வழக்கம் இங்கும் மாறவில்லை. அச்சாடிகளின் அடியில் தங்கிய வண்டல் அவன் அரண்மனையில் யார் கைக்குச் சென்றது என்பதைப் பாடல் கூறவில்லை.