பன்றிக்கறிக்கு ஒரு துதிப்பா

தவளை தன் வாயால் கெடும். சூ ஷி தன் கவிதையால் கெட்டார். சீனத்தில் சோங் அரசின் அதிகாரி அவர். அரசின் புதுச் சட்டங்களைப் பாட்டில் கிண்டலடித்தார் என்று 1079-இல் கைதுசெய்து தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். அவர் எழுதிய வரிகளே அவருக்கு எதிரான சாட்சி. தலை எப்படியோ தப்பியது. 1080-இல் யாங்சி ஆற்றங்கரையில் இருந்த ஹுவாங்சோவுக்குத் துரத்தப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். அதில் அதிகாரமும் இல்லை, சொல்லும்படி வரும்படியும் இல்லை.

கையில் இருந்ததை அவர் செலவழித்த விதமே வேடிக்கைதான். மாதம் பிறந்ததும் 4,500 காசை எடுத்து முப்பது கோவையாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார். தினமும் காலையில் கவைக்கோலால் ஒரு கோவையை இறக்குவார். உடனே கோலை ஒளித்துவைத்துவிடுவார். அன்றைக்கு மிஞ்சிய காசு மூங்கில் குழாய்க்குள் போகும், விருந்தாளி வந்தால் உதவுமே என்று.

அந்தக் காசுக்குக் கட்டுப்படியானது பன்றிக்கறி. கொள்ளை மலிவு. பணக்காரர் சீண்டுவதில்லை, ஏழைக்கோ பக்குவம் தெரியவில்லை என்று அவருக்குக் குறை. அப்படிப் பிறந்ததுதான் ‘பன்றிக்கறித் துதி’. மன்னரையும் முன்னோரையும் போற்றுகிற பா வகையை எடுத்து இறைச்சிக்குச் சூட்டினார். கருவாட்டுக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மாதிரி. உள்ளே இருப்பதோ சமையல் பக்குவம்: சட்டி சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் குறைவாக வேண்டும், விறகு கொழுந்துவிடாமல் கனன்றுகொண்டே இருக்க வேண்டும், சமைப்பவர் அவசரப்படக் கூடாது. விடிந்ததும் வயிறு முட்டத் தின்பதாகச் சொல்லி, அதில் அடுத்தவருக்கு என்ன வந்தது என்று ஒரு முறுக்கும் உண்டு. தன்னை விசாரித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் அந்த முறுக்கில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. வரிக்கு வரி குற்றம் தேடியவர்கள் இதில் எதைத் தேடுவார்கள்?

ஹாங்சோ நகரத்து உணவகங்களில் இன்று ‘தோங்போ கறி’ என்று அவருடைய புனைபெயரில் ஒன்று வருகிறது: சதுரத் துண்டு, சோயாவும் மதுவும் ஊறிய பளபளப்பு. பின்னாளில் அவர் அங்கே ஆளுநராக இருந்து அவ்வூர் ஏரியைத் தூர்வாரியபோது பிறந்த பண்டம் என்று கதை சொல்வார்கள். பாட்டிலோ சோயாவும் இல்லை, மதுவும் இல்லை.

1094-இல் மறுபடி தண்டனை. இம்முறை இன்னும் தெற்கே, ஹுய்சோவுக்கு. அங்கே சந்தையில் நாளுக்கு ஓர் ஆடுதான் அறுப்பார்கள். கறிக்காக அதிகாரிகளோடு போட்டிபோட முடியுமா? முதுகெலும்பை வாங்கி வேகவைத்து, மதுவில் தோய்த்து, உப்புத் தூவி நெருப்பில் வாட்டுவார். எலும்பு இடுக்கில் ஒட்டியிருக்கும் கறியை நாள் முழுக்க நோண்டி நோண்டித் தின்பார். நண்டு தின்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். இந்த வித்தை ஊரெல்லாம் பரவினால் நாய்களுக்குத்தான் வருத்தம் என்றும் சேர்த்துக்கொண்டார்.