துணி மெல்லும் பிணங்கள்

ரத்தக்காட்டேரின்னு சொன்னாலே டிராகுலா, கோட்டை, கோரைப்பல்லுன்னு ஆரம்பிச்சிடுறோம். ஜெர்மன் கிராமத்துக்காரங்க பயந்தது வேற ஒண்ணுக்கு. பேரு நாக்ட்ஸேரர். இது பெரும்பாலும் குழியை விட்டு வெளியவே வராது. படுத்த இடத்துலயே தன்மேல சுத்தின துணியை மெல்லும், அப்புறம் தன் கையை. அது மெல்ல மெல்ல, மேலே உயிரோட இருக்கிற சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா சாவாங்க. (ஒர்க் ஃப்ரம் ஹோம் பிசாசு! :-))

சிரிப்பு இதோட சரி. கொள்ளைநோய் வந்தா, முதல்ல செத்தவங்க மேலதான் சந்தேகம் விழும். யோசிச்சுப் பாருங்க. முதல்ல அம்மா போறா, அடுத்தடுத்து பிள்ளைங்க. பிளேக் கிருமியைக் கண்டுபிடிச்சதே 1894லதான். அதுக்கு முன்னாடி மிச்சமிருக்கிற அப்பன்கிட்ட இருக்கிற ஒரே தடயம், முதல்ல போனது யாருங்கறது. சர்வர் படுத்துட்டா கடைசியா கோடு போட்டவன் கழுத்தைப் பிடிப்போமே, அதே லாஜிக். ஆனா இங்கே தோண்டி எடுத்துத் தலையை வெட்டப்போறது அவன் பொண்டாட்டியை.

படிச்சவங்களும் இதைச் சும்மா விடலை. இப்படி ஒரு கிராமத்துப் பிணத்தைப் பத்தி மார்ட்டின் லூதர்கிட்டயே கேட்டிருக்காங்க. இது சாத்தானோட ஏமாத்து வேலை, நம்பலைன்னா ஒண்ணும் ஆகாது, நம்ப நம்பத்தான் சாவு கூடுதுன்னாராம். பிளேக் நம்பாதவனையும் விடாதுங்கறது வேற விஷயம். 1679ல் லைப்சிக்கில் பிலிப் ரோர் பிணங்கள் மெல்லுவதைப் பத்தி லத்தீன்ல ஒரு ஆய்வே எழுதினார். அவருக்கும் சாத்தான்தான் குற்றவாளி.

எனக்குப் பிடிச்சவர் அதே ஊர்ல 1725ல் எழுதின மிக்கேல் ரான்ஃப்ட். சாத்தானை ஓரமா உட்காரவெச்சிட்டு இயற்கையான காரணத்தைத் தேடினார். நெருங்கினவங்க திடீர்னு செத்தா துக்கம், துக்கத்தால தூக்கமில்லை, தூங்கினா கெட்ட கனவு, அதுல உடம்பு தளர்ந்து நோய். கிருமி அவருக்கும் தெரியாது. ஆனா பழி பிணத்து மேலேர்ந்து இறங்கிடுச்சு.

சரி, துணியில ஓட்டை எப்படி? அழுகுற உடம்புக்குள்ள வாயு பெருகி, திரவம் வாய் வழியா வெளிய வரும். ஈரமான துணி வாய்க்குள்ள இறங்கி அங்க மட்டும் சீக்கிரம் மக்கும். அவங்க வெச்சிருந்த பரிகாரங்கள்ல ஒண்ணு, புதைக்கும்போதே தாடைக்குக் கீழ ஒரு மண்கட்டியை வெச்சு, துணி வாயில படாம பார்த்துக்கறது. துணி படலைன்னா ஓட்டையும் விழாதே. அப்புறம் தோண்டிப் பார்க்கிறவனுக்குப் பரிகாரம் பலிச்ச மாதிரிதானே தெரியும்!