சிலுவையில் மூன்று மொழிகள்

கனடாவில் கியூபெக் நகருக்குக் கிழக்கே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே குரோஸ் ஈல் என்றொரு தீவு உள்ளது. 'பெருந்தீவு' என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள், உருவிலோ சிறியது. கொள்ளைநோய்க்கு அஞ்சி, கப்பலில் வருவோரைத் தடுத்துவைத்துச் சோதிக்க 1832இல் அங்கு ஒரு நிலையம் அமைக்கப்பட்டது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகைப் பூஞ்சண நோய் அழித்தது. ஏழைக் குடியானவர்க்கு அதுவே முழு உணவு. நாட்டில் தானியம் விளையாமல் இல்லை. விளைந்தது இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர்; அதனினும் மிகுதியானோர் நாடு துறந்தனர்.

கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள் வெறுமையாய்த் திரும்புவதைவிட மனிதரை ஏற்றிச் செல்வது ஆதாயம். கட்டணம் குறைவு, இடமும் நீரும் அதனினும் குறைவு. பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சல் உடன் பயணம் செய்தது. 1847 கோடையில் தீவின் முன் கப்பல்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. கரையிறங்கியோருள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். நோயுற்றோர்க்குப் பணிசெய்த மருத்துவர், பாதிரிமார் சிலரும் உடன் மாண்டனர்.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலரைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. குடிப்பெயரை மாற்ற வேண்டியதில்லை என அவர்களுட் பலர் விட்டுவிட்டனர். வளர்த்தோரின் இப்பெருந்தன்மை வரலாற்று நூல்களில் இன்னும் விரிவாகப் பேசப்படத் தக்கது. பெயர் நின்றது, மொழி நிற்கவில்லை. இன்றும் கியூபெக்கில் ஐரியக் குடிப்பெயர் தாங்கிப் பிரெஞ்சையே தாய்மொழியாகப் பேசுவோர் உளர்.

1909இல் ஐரியச் சங்கத்தார் தீவின் குன்றின்மேல் கற்சிலுவை ஒன்றை நாட்டினர். அதில் ஐரியம், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளிலும் எழுத்துப் பொறித்தனர். ஆங்கிலப் பகுதி சமயப் பற்றையும் பசியையும் காய்ச்சலையும் கூறி அமைகிறது. ஐரியப் பகுதியோ, அம்மக்களை விரட்டியவை அயலாரின் கொடுஞ்சட்டங்களும் வஞ்சகப் பஞ்சமும் என வெளிப்படக் குற்றஞ்சாட்டுகிறது. புலம்பெயர்ந்தோரின் பெயரர்களிற் பெரும்பாலோர் ஐரியம் படிக்க அறியார். ஆள்வோர் மொழியில் அடக்கிக்கொண்டதை அழிந்துவரும் மொழியிலேனும் எழுதிவைத்தனர் போலும்!

1992இல் கனடா அரசு இத்தீவை நம்பிக்கை நாடிவந்த குடியேறிகள் அனைவர்க்குமான பொதுச் சின்னமாக்க முனைந்தது. ஐரிய வழியினர் கடுமையாக எதிர்த்தனர். 1996இல் தேசிய வரலாற்றிடத்தின் பெயரில் 'ஐரிய நினைவிடம்' என்ற தொடரும் சேர்க்கப்பட்டது.