முறையீடும் பாட்டும்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் சங்கீத வாசிப்பு

ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டார்செட் ரோடு ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம், 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில் ஆகிய மூன்றும் லிட்டில் இந்தியாவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் உள்ளன. சிராங்கூன் சாலைக் கோயில்களும் அருகிலேயே. சங்கீதமும் தேவாரமும் இவ்வளவு நெருங்கி ஒலிக்கும் இடத்திலிருந்து ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். சங்கீதங்களைக் கவிதையாக ஆராய்வதும் செபமாகச் சொல்வதும் இரு வேறு வேலைகளா? அப்படிப் பிரித்தால் ஆராய்ச்சியும் குறைபடும், செபமும் குறைபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரிவினைக்கு வரலாறு உண்டு. 1753இல் ராபர்ட் லோத் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு விரிவுரைகள், எபிரேயக் கவிதையின் உயிர்நிலை இணைவாக்கியம் என நிறுவின. ஓரடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லில் ஏற்கும், எதிர்க்கும் அல்லது வளர்க்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், புகழ்ச்சி, புலம்பல், நன்றி என வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழிபாட்டுச் சூழலைத் தேடினார். முன்னவர் வழியில் அணியிலக்கணமும் பின்னவர் வழியில் சடங்கு வரலாறும் வளர்ந்தன. சொல்லுகிறவரின் வாய் இரண்டிலும் பின்னுக்குப் போயிற்று.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் ‘எதுவரை’ என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது: இரு முறை கடவுளை நோக்கி, பிறகு தன் மனத்துயரைப் பற்றி, கடைசியாக எதிரியைப் பற்றி. அடுத்து வேண்டுதல். ஐந்தாம் வசனத்தில் திடீரென நம்பிக்கை, ஆறாவதில் பாடுவேன் என்ற உறுதி. இந்தத் திருப்பத்துக்குக் காரணம் என்ன? நடுவே ஆசாரியர் ஆறுதல் வாக்கு உரைத்திருப்பார் என 1934இல் யோவாகிம் பெக்ரிக் விளக்கினார். நுட்பமான ஊகம்தான். ஆனால் பாட்டில் அந்த வாக்கு இல்லை. பாட்டுக்கு வெளியே காரணம் தேடும் விளக்கம் அது.

பதிகம் அறிந்தவர் வேறிடத்தில் தேடுவார். திருவதிகையில் சூலைநோயால் துடித்த அப்பர் பாடியதாக மரபு சொல்லும் பதிகத்தில், நோயை ஏன் விலக்கவில்லை என்ற முறையீடு பாட்டுக்குப் பாட்டு வளர்கிறது. அங்கே அவர் தன் பக்கத்துச் சான்றாக முன்வைப்பவற்றுள் ஒன்று, தமிழோடு இசைபாடுவதை மறந்ததில்லை என்பது. அப்பர் பாடிவந்த பாட்டைக் காட்டி வழக்காடுகிறார். சங்கீதக்காரர் பாடப்போகும் பாட்டை ஈடாக வைக்கிறார். இரு இடத்திலும் பாட்டு, மன்றாட்டின் மேல் பூசிய அலங்காரம் அல்ல, மன்றாட்டுக்குள்ளேயே நிற்கும் வாதம். அப்படிப் பார்த்தால் ஆறாம் வசனத்துக்கு வெளியாள் தேவையில்லை. முறையிடத் துணிந்தவரே பாடவும் துணிகிறார்.

வேறுபாட்டையும் மறைக்கலாகாது. அப்பரின் முறையீடு கெடிலக்கரைத் தலத்தோடு பிணைந்தது. 13ஆம் சங்கீதத்தில் ஊரும் இல்லை, நோயின் பெயரும் இல்லை, எதிரி யாரென்றும் தெரியாது. கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் துயரை அதில் எளிதாக ஏற்றிச் சொல்ல முடிவதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

வாசிப்பு முறையும் பொருளைத் தீர்மானிக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் போதகர் ஒரு வசனமும் சபையார் ஒரு வசனமுமாக மாறி மாறி வாசிக்கும் வழக்கம் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் பதிலுரைப் பாடலாகச் சபை ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிவதை அச்சில் பார்க்கும் கண் சலிக்கும். இரு குரலில் கேட்கும் செவி சலிக்காது. ஆகவே லோத் கண்ட இணைவைப் புத்தகத்தில் அளப்பதோடு நில்லாமல், சபையின் குரலிலும் கேட்க வேண்டும்.

கடினமான சோதனை 88ஆம் சங்கீதம். அதில் திருப்பமே கிடையாது. தொடக்கத்தில் இரட்சிப்பின் கடவுளை அழைத்த பிறகு முறையீடு முறையீடாகவே முடிகிறது. கத்தோலிக்க மரபு அதை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. ஆறுதலான வரிகளை மட்டும் பொறுக்கி வாசிக்கும் சபைகள் இதைக் கவனிக்க வேண்டும். விடை வராத வேளையிலும் கடவுளிடமே பேசுவது விசுவாசக் குறைவல்ல. சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் வேதபாட வகுப்புகளில் 13, 88 ஆகிய இரண்டையும் முழுமையாக, உரத்த குரலில், அப்பர் பதிகத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று போதகர்களையும் ஆய்வாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.