மெமரி ஆஃப் லைட் (புதினம்)

மெமரி ஆஃப் லைட் என்பது ரூத் வனிதா எழுதி 2020-ஆம் ஆண்டு பெங்குவின் நிறுவனத்தால் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஓர் ஆங்கில வரலாற்றுப் புதினம் ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்னௌவிலும் காசியிலும் வாழ்ந்த இரு பெண்களின் காதலே இதன் கரு. தலைப்பின் பொருள் 'ஒளியின் நினைவு' என்பதாகும். ராபர்ட் ஜோர்டான் தொடங்கி பிராண்டன் சாண்டர்சன் நிறைவு செய்த மிகுபுனைவு வரிசையின் இறுதி நூலும் (2013) ஏறக்குறைய இதே பெயரைக் கொண்டது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்திய வரலாற்றுப் புதினங்களில் பெண்ணும் பெண்ணும் காதலிப்பதை மையமாகக் கொண்டவை மிக அரிது. கல்கி, சாண்டில்யன் ஆகியோர் வழியாக வரலாற்றுக் கதைக்குப் பழகிய தமிழ் வாசகருக்குப் போர்க்களமும் அரியணைச் சதியும் இல்லாத இந்நூல் சற்று வேறுபட்டதாகத் தோன்றலாம். இதில் நடப்பவை பெரும்பாலும் கவியரங்கு, கடிதம், காத்திருப்பு ஆகியவையே.

ஆசிரியர்

ரூத் வனிதா 1955-இல் பிறந்தவர். 1978-இல் தில்லியில் மது கிஷ்வருடன் இணைந்து 'மானுஷி' என்ற பெண்ணிய இதழை நிறுவினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள மொன்டானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சலீம் கித்வாயுடன் சேர்ந்து இவர் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான 'சேம்-செக்ஸ் லவ் இன் இந்தியா' என்ற தொகைநூல், பண்டைக்காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை பல இந்திய மொழிகளில் தன்பால் காதல் பற்றி எழுதப்பட்டவற்றை ஆங்கிலத்தில் தருகிறது. தன்பால் திருமணம் பற்றிய 'லவ்ஸ் ரைட்' (2005), உருது ரேக்திக் கவிதை பற்றிய 'ஜெண்டர், செக்ஸ் அண்ட் தி சிட்டி' (2012) ஆகியவை இவரது பிற ஆய்வு நூல்கள். மெமரி ஆஃப் லைட் இவரது முதல் புதினம்.

இந்த வரிசையைக் கவனித்தால், இருபது ஆண்டுகள் ஆவணங்களில் தேடிய ஒருவர், ஆவணங்கள் பேசாமல் நின்றுவிடும் இடத்திலிருந்து கதை எழுதத் தொடங்கியிருக்கிறார் என்பது விளங்கும்.

களமும் காலமும்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு லக்னௌ நகரம் ஆயத்தமாவதுடன் கதை தொடங்குகிறது. அம்மன்னர் பிறந்தது 1738-ஆம் ஆண்டு சூன் மாதம் என்பதால் கதையின் காலம் 1788 ஆகிறது. அப்போது அவத் நாட்டை ஆண்டவர் நவாப் ஆசப் உத் தௌலா. இவரே 1775-இல் தலைநகரை பைசாபாத்திலிருந்து லக்னௌவுக்கு மாற்றியவர். பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை தருவதற்காகப் பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கியவரும் இவரே. 1739-இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியதற்குப் பிறகும், அடுத்து வந்த ஆப்கானியப் படையெடுப்புகளுக்குப் பிறகும், தில்லியின் கவிஞர்கள் பிழைப்புத் தேடி லக்னௌவுக்கு வந்தனர். புகழ்பெற்ற மீர் தகி மீர் 1782-இல் வந்து சேர்ந்தார். கவிஞர் கூட்டமும் ஆடல் பாடல் வல்ல தவாயிஃப்களும் நவாபின் செல்வமும் ஒன்றுகூடிய நகரம் அது.

ஓர் இந்திய நவாபின் நகரம் கடல்கடந்த மன்னரின் பிறந்தநாளை ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வி வாசகருக்கு எழும். 1764-இல் பக்சாரில் தோற்றபின் அவத் நாடு கிழக்கிந்தியக் கம்பனியின் பிடிக்குள் படிப்படியாக வந்துவிட்டது. 1775-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் காசி கம்பனியின் கைக்குச் சென்றது. எனவே கதைத்தலைவியரில் ஒருத்தி நவாபின் ஊரிலும் மற்றவள் கம்பனியின் ஊரிலும் வாழ்கின்றனர். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு, அதாவது பூந்தமல்லியிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் அளவு. இன்று அது ஒரு பகல் பயணம். அன்று மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் பல நாட்கள் ஆகும்.

கதைச் சுருக்கம்

விழாவுக்காகக் காசியிலிருந்து லக்னௌ வரும் சப்லா பாய் என்ற ஆடலழகி, அந்நகரின் கவிஞரான நபீஸ் பாயின் உள்ளத்தைக் கவர்கிறாள். இருவரும் காதலிக்கின்றனர். விழா முடிந்ததும் சப்லா ஊர் திரும்ப வேண்டியதாகிறது. இரண்டு கோடைகாலங்களுக்கு இவர்களின் உறவு கடிதங்கள் வழியாகவும் கவிதைகள் வழியாகவும் தொடர்கிறது. நபீஸின் நண்பர்களான இன்ஷா, ரங்கீன் ஆகிய கவிஞர்களும், தானே ஓர் ஆணைக் காதலிக்கும் சரத் என்பவரும் இவர்களுக்குத் துணை நிற்கின்றனர். இருவரும் ஒரே ஊரில் ஒன்றாக வாழ முடியுமா என்பதே புதினத்தின் மையக் கேள்வி. முடிவை அறிய விரும்புவோர் நூலைப் படிக்கவும்.

வரலாற்று மாந்தர்

இன்ஷா அல்லா கான் (இறப்பு 1817) முர்சிதாபாத்தில் பிறந்தவர். உருது மொழியின் இலக்கண நூலான 'தரியா-ஏ-லதாபத்' இவரது படைப்பு. பாரசீக, அரபு, சமற்கிருதச் சொற்களைத் தவிர்த்து நாட்டுவழக்கில் மட்டுமே எழுதுவேன் என்று உறுதிகொண்டு 'ராணி கேதகி கீ கஹானி' என்ற உரைநடைக் கதையையும் எழுதினார். தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே வடக்கில் ஒருவர் இத்தகைய சோதனை செய்திருப்பது நமக்குச் சுவையான செய்தி.

சாதத் யார் கான் ரங்கீன் (1757–1835) படைவீரர், குதிரை வணிகர், கவிஞர். குதிரைகளைப் பற்றி நூல் எழுதிய அதே கையால், வீட்டுப் பெண்களும் தவாயிஃப்களும் தமக்குள் பேசிய மொழியையும் பதிவு செய்தார். ரேக்தி என்ற கவிதை வகைக்குப் பெயரிட்டவர் என இவர் அறியப்படுகிறார்.

ரேக்தி

அக்காலத்தில் உருதுக் கவிதைக்கு 'ரேக்தா' என்று பெயர். அதன் பெண்பால் வடிவமே 'ரேக்தி'. வழக்கமான கசலில் பேசுவது ஆண். காதலியின் பால் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லப்படாது. ரேக்தியில் பேசுவது பெண். பேசும் மொழியும் பெண்களின் வீட்டுப் பேச்சு. பேசுபொருள் துணி, நகை, வேலைக்காரி, மாமியார், சில வேளைகளில் இன்னொரு பெண்ணின் மீதுள்ள காதல்.

அவ்வாறு காதலிக்கும் இணையைக் குறிக்க அம்மொழியில் சொற்கள் இருந்தன என்பதே இப்புதினத்துக்கு அடித்தளம். 'தோகானா' என்பது ஒரே ஓட்டுக்குள் இரட்டைப் பருப்புள்ள வாதுமையை இரு பெண்கள் பகிர்ந்து உண்டு பிணைப்பை ஏற்றுக்கொள்வதிலிருந்து வந்தது. 'ஜனாகி' என்பது கோழியின் கவை எலும்பை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறிப்பதோடு தொடர்புடையது. இச்சொற்கள் இழிசொற்களாக அன்றி உறவுப் பெயர்களாகவே பாடல்களில் வருகின்றன. ஒரு மொழியில் உறவுப் பெயர் இருக்கிறது என்றால் அந்த உறவை மக்கள் அறிந்திருந்தனர் என்று பொருள். மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்ற வாதத்துக்கு இதைவிட எளிய மறுமொழி இல்லை.

எனினும் இங்கு ஓர் உண்மையான சிக்கல் உண்டு. அறியப்பட்ட ரேக்திக் கவிஞர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் சாகிப் என்ற கவிஞர் துப்பட்டாவைத் தலையில் இட்டுக்கொண்டு பெண் குரலில் பாடி அவையைச் சிரிக்க வைத்தார். ஆகவே இது ஆண்கள் தமக்குள் நகைத்துக்கொள்ள எழுதியது. இதிலிருந்து பெண்களின் வாழ்வை அறிய முடியாது என்பது உருது அறிஞர் சி. எம். நயீம் போன்றோரின் கருத்து. வனிதா இதை ஏற்கவில்லை. ஆண் கவிஞர்கள் தவாயிஃப்களோடு பழகி அவர்களிடமிருந்தே இம்மொழியைக் கற்றனர். நகைச்சுவை இருப்பதாலேயே பரிவு இல்லை என்றாகாது என்பது அவர் வாதம். புதினத்தில் நபீஸையே கவிஞராக்கியிருப்பது இவ்வாதத்தின் தொடர்ச்சி எனக் கொள்ளலாம். இன்ஷாவும் ரங்கீனும் அங்கே இரண்டாம் நிலை மாந்தர். எழுதுகோல் பெண்ணின் கையில் இருக்கிறது. வரலாற்றுச் சான்றாக இதைக் காட்ட முடியாது. புனைவுக்கு மட்டுமே உள்ள உரிமை இது.

1857-க்குப் பின் ரேக்தியின் நிலை மாறியது. விக்டோரிய ஒழுக்க அளவுகோலை ஏற்ற உருதுத் திறனாய்வாளர்கள் அதை ஆபாசம் என ஒதுக்கினர். முகம்மது உசேன் ஆசாத் தமது 'ஆப்-ஏ-ஹயாத்' (1880) என்ற இலக்கிய வரலாற்றில் அதைக் குறைகூறியே எழுதினார். பாடத்திட்டங்களிலும் தொகுப்புகளிலும் அது இடம்பெறாமல் போயிற்று.

தவாயிஃப்கள்

கதைத்தலைவியர் தவாயிஃப்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சொந்தமாகப் பொருள் ஈட்டி, சொந்த வீட்டில், கணவரின்றி வாழக்கூடிய பெண்கள் அக்காலத்தில் அவர்களே. வரலாற்றாய்வாளர் வீணா தல்வார் ஓல்டன்பர்க், 1858 முதல் 1877 வரையிலான லக்னௌ நகர வரிப் பதிவேடுகளில் ஆடல் பாடல் மகளிர் மிக உயர்ந்த வரிப்பிரிவில் இடம்பெற்றிருப்பதைக் கண்டார். பின்னாளில் அவர் நேர்கண்ட சில தவாயிஃப்கள், தங்கள் நெருங்கிய அன்பு பெண்களிடமே இருந்தது என்றும் கூறினர். மிர்சா ஹாதி ருஸ்வாவின் 'உம்ராவ் ஜான் அதா' (1899) முதலாக இலக்கியமும் திரைப்படமும் காட்டிய தவாயிஃப், ஆண்களால் கைவிடப்பட்டுத் தனிமையில் வாடுபவள். வனிதாவின் நபீஸ் அந்த மரபிலிருந்து விலகியவள்.

தஞ்சாவூரில் ஓர் இணை

இதே நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (ஆட்சி 1739–1763) அவையில் முத்துப்பழனி என்ற கணிகையர் குலக் கவிஞர் இருந்தார். அவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனமு' இரு பெண்களின் காதலைப் பற்றியதன்று. ராதையின் ஊடலையும் வேட்கையையும் பெண்ணின் நோக்கில் பாடுவது. ஆனால் அந்நூலுக்கு நேர்ந்தது ரேக்திக்கு நேர்ந்ததே. முந்தைய பதிப்பில் சில பாடல்களும், நூலாசிரியர் தம் மரபைக் கூறும் பகுதியும் நீக்கப்பட்டிருந்தன. அதைக் கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் முழுமையான பதிப்பைச் சென்னையில் வாவிள்ள அச்சகத்தின் வழியே வெளியிட்டார். 1911-இல் ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-இல்தான். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைக் கட்டுவித்தவராக நாகரத்தினம்மாளை அனைவரும் அறிவர். இந்தப் பதிப்பு வேலையை அறிந்தவர் குறைவு.

அமெரிக்க முன்னோடி

இவ்வகைப் புதினத்துக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது அமெரிக்க எழுத்தாளர் அல்மா ரவுட்சாங் (1924–1996), இசபெல் மில்லர் என்ற புனைபெயரில் எழுதிய 'பேஷன்ஸ் அண்ட் சாரா'. பதிப்பாளர் கிடைக்காததால் 1969-இல் 'எ பிளேஸ் ஃபார் அஸ்' என்ற பெயரில் ஆயிரம் படிகளைத் தாமே அச்சிட்டு நியூயார்க்கில் விற்றார். 1971-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சார்பில் இத்துறைக்கான முதல் விருது அதற்குக் கிடைத்தது. 1972-இல் மெக்ரா-ஹில் நிறுவனம் தற்போதைய பெயரில் வெளியிட்டது. 1998-இல் இசை நாடகமாகவும் மேடையேறியது.

கதை 1816-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்குகிறது. பேஷன்ஸ் ஓவியம் வரைபவள்; அண்ணன் வீட்டில் ஓர் அறையில் வாழ்பவள். சாரா, ஆண் மக்கள் இல்லாத தந்தையால் கோடரி பிடித்து மரம் வெட்டப் பழக்கப்பட்டவள். மேற்கே குடியேற்ற எல்லை நிலத்துக்குச் சென்று தமக்கென ஒரு பண்ணை அமைக்க வேண்டும் என்பது அவர்களின் கனவு. ஆணுடை தரித்துத் தனியே புறப்பட்டுப் பார்க்கிறாள் சாரா. இறுதியில் இருவரும் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தின் கிரீன் கவுண்டியில் குடியேறுகின்றனர். மேரி ஆன் வில்சன் என்ற நாட்டுப்புற ஓவியரும் அவருடைய தோழி பிரண்டேஜும் அப்பகுதியில் ஒன்றாக வாழ்ந்த செய்தியே இக்கதைக்கு வித்து. வில்சன் பழச்சாறு, செங்கல் தூள் போன்ற கிடைத்த பொருள்களால் வண்ணம் தீட்டியவர்.

இரு நூல்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். அமெரிக்கப் பெண்களுக்கு ஆளில்லாத நிலம் வேண்டும். உறவினர் கண்ணுக்கு எட்டாத தொலைவே அவர்களுக்கு விடுதலை. நபீஸும் சப்லாவும் நெரிசலான நகரத்தில், நண்பர்கள் நடுவே, தாங்கள் முன்பே அறிந்த கலையைக் கொண்டே இடம் தேடுகின்றனர்.

தமிழ்நாட்டுச் சூழல்

1996-இல் எடுக்கப்பட்ட தீபா மேத்தாவின் 'ஃபயர்' திரைப்படம் 1998-இல் இந்தியாவில் திரையிடப்பட்டபோது, இது நம் பண்பாட்டில் இல்லாதது என்று கூறி மும்பையிலும் தில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி ஒப்புதலுடன் கூடிய தன்பால் உறவு குற்றமாகாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் பெண் இணையருக்கு நடைமுறையில் இடையூறாக இருந்தது பெரும்பாலும் அப்பிரிவு அன்று; மகளைக் காணவில்லை எனப் பெற்றோர் அளிக்கும் காவல்நிலையப் புகாரே. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்கள் இத்தகைய புகார்களுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7 அன்று காவல்துறை அவர்களைத் துன்புறுத்தலாகாது என ஆணையிட்டார். தமக்கு இப்பொருள் குறித்துப் போதிய புரிதல் இல்லை என்று கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்வு பெற்ற பின்னரே அவர் தீர்ப்பு எழுதினார். தன்பால் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்தது. எனினும் திருமணம் இன்றியும் இவர்கள் குடும்பமாக வாழலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது.

அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. ரங்கீன் தம் காலத்துப் பெண்களிடம் கேட்டு எழுதிவைத்ததும் இத்தகைய ஒரு சொற்பட்டியலே.