தறி இருந்த மூலை

குடியாத்தத்தில் அண்ணன் மகளுக்கும் தோழிகளுக்கும் வரலாறு சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். ஈழப்போர், 1983 முதல் 2009 வரை என்றதுமே கொட்டாவி. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011-இல் கொண்டுவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலைக் காட்டினேன். தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. வரிக்காக ஆட்சி எழுதியது. இதிலோ, இடம்பெயர்ந்த சனங்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார்கள். கூடவே கட்டடக்கலைஞரின் பிளான், பிறகு சனாதனனின் ஓவியம். வகுப்புக்கு பிக்காசோவின் குவெர்னிகாவைவிட இதுதான் உதவும் என்பேன். அதைப் பார்க்கத்தான் முடியும். இதைச் செய்தே பார்க்கலாம்.

"உங்க வீட்டை வரைங்க" என்றேன்.

ஒருத்தி, கவுண்டன்யா ஆற்றோரம் இடிக்கப்பட்ட பழைய வீட்டை வரைந்தாள். "இது போர் இல்லைதானே அங்கிள்?"

"இல்லம்மா."

தறி இருந்த மூலையை அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள்.