ஒரு மலை, இரண்டு பாடங்கள்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் மலைச்சரிவின் உச்சியில் போடிமெட்டு இருக்கிறது. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஆனால் வாழ்க்கை அந்தக் கோட்டை முழுதாக ஏற்றுக்கொண்டதில்லை. ஏலக்காய் பெரும்பாலும் மேலே விளைகிறது. ஏலம் மேலே புற்றடியிலும் கீழே போடியிலும் நடக்கிறது. போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் இருந்து தொழிலாளர்கள் காலையில் ஜீப் ஏறி மாலையில் மலையிறங்குகிறார்கள்.

பயிரும் மொழியும் உறவும் ஒன்றாகவே இருக்க, அந்தக் கோடு உண்மையிலேயே பிரித்துவைத்த சிலவற்றுள் ஒன்றை இங்கே பேச விரும்புகிறோம். அது, மலையின் இருபுறத்துப் பிள்ளைகளும் கணினியில் ஒரு கடிதம் எழுத எந்த மென்பொருளைக் கற்றார்கள் என்பது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எழுத்து எதில் எழுதப்படுகிறதோ அதில்தான் அது பிழைக்கவும் அழியவும் செய்கிறது. ஓலையின் கதையை நாம் அறிவோம் அல்லவா?

கடிதத்துக்கு ஒரு சொற்செயலி, கணக்குக்கு ஒரு விரிதாள், கூட்டத்தில் காட்ட ஒரு படக்காட்சி ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பே அலுவலக மென்பொருள். காசு கொடுத்து மைக்ரோசாப்ட் ஆபிசை வாங்குவதா, விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி ஏறத்தாழ கால் நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதை எப்போதும் விலைக் கேள்வியாகவே நாம் கேட்கிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், முடிவைத் தீர்மானித்தவற்றுள் விலைக்குத்தான் கடைசி இடம் என்று தோன்றுகிறது. மறைப்பானேன்? அந்நாளில் நம் ஊர்களின் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஓடியது உரிமம் பெறாத படிதான். விற்பனைக்குரிய மென்பொருளும் நடைமுறையில் இலவசமாகவே இருந்தது. அப்படியிருக்க, இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக எவர் மாறுவார்?

எழுத்துருவின் சிறை

தமிழுக்கு வேறொரு சிக்கல் முந்தி நின்றது. 1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. திரையில் 'அ' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருந்தது ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இலக்கம். பாமினியில் அடித்ததை வானவில்லில் திறந்தால் குப்பை. எழுதியவரிடம் கோப்பு இருக்கும். ஆனால் அதைப் படிக்கும் உரிமை எழுத்துருவின் உடைமையாளரிடம் இருக்கும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்த முயன்றது. இணையத்தில் எழுதியோர் திஸ்கியைப் பற்றிக்கொண்டனர். வேறு பலர் பழைய வழியிலேயே போனார்கள். பின்னர் ஒருங்குறி வந்தது. விண்டோசு 2000 அதில் தமிழைக் காட்டியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் தாங்கள் தட்டச்சிட்ட நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற மீண்டும் உழைக்க வேண்டியிருந்தது. சுரதாவின் பொங்குதமிழும் முகுந்தராசின் எ-கலப்பையும் இல்லாதிருந்தால் நம்மில் பலர் இணையத்தில் எழுத வந்திருக்கவே மாட்டோம். இரண்டுமே விலையின்றிக் கிடைத்தவை என்பதை இங்கே நினைவில் கொள்வோம்.

நட்சத்திரத்திலிருந்து திறந்த கதவுக்கு

இதே காலத்தில் அலுவலக மென்பொருளின் கதை செருமனியில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபிசைச் சன் மைக்ரோசிஸ்டம்சு 1999இல் வாங்கியது. மறு ஆண்டு அக்டோபரில் அதன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபிஸ். நிரல் திறந்திருந்ததால் அதைத் தமிழாக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் பட்டியலையும் கட்டளையையும் சொல் சொல்லாகத் தமிழாக்கினார்கள். 2005 ஏப்ரலில் நடுவணரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ்க் குறுந்தகட்டில் எழுத்துருக்களோடு தமிழ் ஓப்பன் ஆபிசும் இருந்தது.

2006ஆம் ஆண்டு அதன் கோப்பு வடிவமான திறந்த ஆவண வடிவம் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. மைக்ரோசாப்டின் புதிய வடிவம் 2008இல் அத்தகுதியைப் பெற்றது. அதற்கான வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. வடிவத்துக்கு ஏன் இத்தனை சண்டை? ஏலக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். எடைக்கல் எல்லார்க்கும் பொதுவாக இருந்தால்தான் விவசாயியும் வியாபாரியும் நம்பி நிற்க முடியும். ஒரே ஒரு வியாபாரியின் சொந்தக் கல்லில்தான் நிறுக்க வேண்டும் என்றால், அவர் அதை இலவசமாகக் கொடுத்தாலும் சந்தை அவருடையதே.

மலைக்குக் கீழே

தமிழ்நாடு இதை அறியாமல் இருந்ததில்லை. சொல்லப்போனால் முந்திக்கொண்டதும் உண்டு. 2000களின் நடுவில் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபிசைத்தான் கற்பித்தது. 2006இல் அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக வந்த உமாசங்கர், நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கான கணினிகளும் அவ்வழியே சென்றன. நாடெங்கும் அது செய்தியாயிற்று.

ஆயினும் ஏறத்தாழ ஈராண்டில் அவர் பொறுப்பு மாறினார். 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அதில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே இருந்தன. அருகருகே இருந்தால் மாணவர் எதைத் திறப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலும் ஓப்பன் ஆபிசையே கற்பித்தது. ஆனால் அது அந்தப் பாடத்தை விரும்பி எடுத்தவர்க்கு மட்டுமான பாடம். தெருமுனைக் கணினி நிலையமும் வேலை கொடுக்கும் கடையும் கேட்டது வேறொன்று. தேர்வோடு அதை மறந்துவிடுவதே மாணவருக்கு இயல்பாயிற்று.

மலைக்கு மேலே

கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு சூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. இரண்டும் ஒரே ஊரில் நிகழ்ந்தாலும் உடனே கைகோத்துவிடவில்லை. முதலில் பள்ளிப் பாடம் மைக்ரோசாப்ட் வழியிலேயே அமைந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்கை ஏன் பாடமாக்க வேண்டும் என்று கேட்டு எதிர்த்தவர்களில் ஆசிரியர் அமைப்புகள் முன்னின்றன. அதன் பிறகே லினக்சு உள்ளே வந்தது. சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்து ஓடின. பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கலாயிற்று.

இங்கே வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேலே அது விருப்பப் பாடம் அன்று. எல்லாப் பிள்ளைக்கும் உரியது. ஆசிரியர்க்குப் பயிற்சி தரப்பட்டது. தேர்வும் அதிலேயே நடந்தது. தமிழ்வழியில் படிக்கும் இடுக்கித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதே பாடம், தமிழ்ப் புத்தகத்தில். ஐடி அட் ஸ்கூல் 2017இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்ததால் உரிமச் செலவில் 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் அது கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைவிட நம்மைக் கவர்வது வேறொன்று: அதிகாரிகளும் ஆட்சிகளும் மாறிய பின்னும் பாடம் மாறவில்லை. கீழே ஓர் அலுவலரின் மனவுறுதியில் நின்றதை மேலே ஆசிரியரும் தேர்வும் தாங்கி நின்றன.

இன்று எதைக் கொள்வது?

2010 இருபுறத்துக்கும் ஒரு திருப்பம். சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அச்சமுற்ற நிரலாளர் பலர் செப்டம்பரில் பிரிந்து லிப்ரே ஆபிசைத் தொடங்கினர். உடைமையாளர் மாறினாலும் வேலை நிற்காது என்பதற்குத் திறந்த நிரலே காப்பாக இருந்தது. அதற்குச் சற்று முன், சூன் மாதம், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அதனோடு பதினாறு பிட்டு அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக ஆணையிட்டது. தமிழ் எழுத்தின் சிறைக்கதவு சட்டப்படி திறந்தது அன்றுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்குவோர் ஏமாளிகள் அல்லர். பெரிய விரிதாள்களிலும் குறுநிரல்களிலும் எக்செல் வலிமையானது. எதிரில் இருப்பவர் அனுப்பும் கோப்பு அதே அமைப்பில் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள அலுவலகத்துக்கு அந்தச் செலவு தகும். ஆனால் இப்போது விற்கப்படுவது பெரும்பாலும் சந்தா. சந்தா முடிந்தால் கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. மறுபக்கம், கடிதமும் வரவு செலவும் கட்டுரையுமே அன்றாட வேலை என்றால் லிப்ரே ஆபிஸ் தாராளமாகப் போதும். ஓப்பன் ஆபிஸ் இன்றும் கிடைக்கிறது. ஆயினும் 2014க்குப் பிறகு அதில் பெரிய வளர்ச்சி இல்லை.

எதைத் தேர்ந்தாலும் இரண்டை விட்டுவிடாதீர்கள் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. தமிழை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். பாதுகாக்க வேண்டியதைத் திறந்த ஆவண வடிவில் ஒரு படி வையுங்கள். 2009 முதல் மைக்ரோசாப்ட் ஆபிசும் அவ்வடிவில் சேமிக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்த ஊர் வரலாறோ கோயில் மலரோ தாத்தாவின் தன்வரலாறோ உங்கள் பெட்டியில் கிடந்தால், அந்த எழுத்துருவைத் தெரிந்தவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். செயலியை நாளை மாற்றிக்கொள்ளலாம். வாசிக்க முடியாமற்போன கோப்பை மீட்பது ஏட்டைக் கரையானிடமிருந்து மீட்பதைவிட எளிதன்று.